அரியர் இல்லை, ஆனாலும் டிகிரி வரவில்லை: ஏன்?

வாசகர் கேள்வி-பதில்: கல்லூரிப் பக்கம்

ராமேஸ்வரம் தீவிலிருந்து தொண்டி வரை, கடலோர ஊர்களில் இந்த ஆண்டு கல்லூரியில் கால் வைத்தவர்களும் அவர்கள் பெற்றோரும் எழுதிய கடிதங்களுக்கு இங்கே பதில் சொல்கிறோம். ராமநாதபுரம் மாவட்டத்தின் கலை, அறிவியல் கல்லூரிகள் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. தன்னாட்சிக் கல்லூரி என்றால் அதற்கென்று தனி விதிமுறை இருக்கும். அதனால் கீழே வரும் எண்களை உங்கள் பாடத்திட்டப் புத்தகத்தோடு ஒரு முறை ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் நான். பகுதி ஒன்று, பகுதி ஐந்து, கிரெடிட் என்றெல்லாம் வகுப்பில் சொல்கிறார்கள். எல்லாப் பேப்பரிலும் பாஸானால் டிகிரி வந்துவிடாதா?
- பி.எஸ்ஸி. விலங்கியல் முதலாண்டு மாணவர், பாம்பன்

வராமலும் போகலாம். ஒரு பாடத்தையோ பணியையோ முடித்தால் உங்கள் கணக்கில் சேரும் புள்ளிதான் கிரெடிட். மூன்றாண்டு முடித்து, ஒரு அரியர்கூட இல்லாமல், பட்டச் சான்றுக்கு விண்ணப்பிக்கும்போது "உங்களுக்கு ஒரு கிரெடிட் குறைகிறது" என்ற பதிலோடு திரும்புகிறவர்கள் உண்டு. குறைவது பெரும்பாலும் பகுதி ஐந்து. அது பரீட்சை இல்லாத பகுதி என்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

ஐந்து பகுதிகளையும் வரிசையாகச் சொல்கிறோம். பகுதி ஒன்று தமிழ், அல்லது நீங்கள் எடுத்த வேறு மொழி. இரண்டு ஆங்கிலம். மூன்று உங்கள் மேஜரும் (முதன்மைப் பாடம்), அதோடு வரும் அலைடு (துணை) பாடங்களும். புதிய பாடத்திட்டங்களில் அலைடை எலெக்டிவ் என்கிறார்கள். நான்கில் திறன் மேம்பாட்டுப் பாடங்கள், நான்-மேஜர் எலெக்டிவ் (வேறு துறையிலிருந்து எடுக்கும் விருப்பப் பாடம்), சுற்றுச்சூழல் கல்வி, விழுமக் கல்வி முதலியவை வரும். சுற்றுச்சூழல் பாடம் வணிகவியல் மாணவருக்கும் ஏன் என்று பலர் கேட்கிறார்கள். எம்.சி. மேத்தா வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவின் தொடர்ச்சியாக எல்லா இளநிலைப் படிப்புக்கும் அது கட்டாயமானது. அதை விட்டுவிட்டால் பட்டம் கிடையாது. ஐந்தாவது விரிவாக்கப் பணி: என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்), என்.சி.சி., செஞ்சிலுவை, விளையாட்டு போன்றவற்றில் ஒன்று. என்.எஸ்.எஸ். என்றால் ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240 மணி நேரம், அதோடு 7 நாள் சிறப்பு முகாம். முதலாண்டிலேயே பெயர் கொடுத்துவிடுங்கள். மூன்றாம் ஆண்டில் சேர்ந்தால் மணிக்கணக்கை நிரப்ப நாள் இருக்காது.

இனி கிரெடிட். பாடத்திட்டப் புத்தகத்தின் முதல் பக்கங்களில் ஓர் அட்டவணை இருக்கும். அதில் ஒரு வரியை எடுத்துப் பாருங்கள்: பாடக் குறியீடு, பாடத்தின் பெயர், வாரத்துக்கு எத்தனை மணி, எத்தனை கிரெடிட், அக மதிப்பெண் (கல்லூரியே போடுவது) 25, புற மதிப்பெண் (பருவத் தேர்வுக்கு) 75, மொத்தம் 100. மணியும் கிரெடிட்டும் ஒன்றல்ல. மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டத்தில் முதல் பருவத் தமிழுக்கு வாரம் 6 மணி, ஆனால் 3 கிரெடிட்தான். ஆங்கிலமும் அப்படியே. மேஜர் தாள் ஒன்றுக்கு 5 மணி, 5 கிரெடிட். அப்படி இரண்டு தாள். எலெக்டிவ் 4 மணிக்கு 3 கிரெடிட். பகுதி நான்கில் இரண்டு தாள், தலா 2 மணி, 2 கிரெடிட். கூட்டினால் வாரம் 30 மணி, 23 கிரெடிட். இப்படி ஆறு பருவமும் சேர்ந்து 140 கிரெடிட் அளவுக்கு வரவேண்டும்.

நோட்டில் ஐந்து கட்டம் போட்டு, ஒவ்வொரு பருவ முடிவு வந்ததும் அந்தந்தப் பகுதியில் சேர்ந்த கிரெடிட்டை எழுதிக் கூட்டுங்கள். மொத்தத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். ஒரு பகுதியில் அதிகமாகச் சேர்ந்தது இன்னொரு பகுதியின் குறையை அடைக்காது. முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று தருவதும் பல பல்கலைக்கழகங்களில் பகுதிவாரியாகத்தான். மேற்படிப்புக்குப் பகுதி மூன்றைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

அப்பாவோடு விசைப்படகில் போகவேண்டியிருக்கிறது. திங்கள் காலை புறப்பட்டால் செவ்வாய் காலைதான் கரை. வாரம் ஒரு நாள்தானே, வருகைப் பதிவு இடிக்குமா?
- பி.ஏ. வரலாறு மாணவர், தங்கச்சிமடம்

இடிக்கும். ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள். வாரம் ஐந்து நாள் என்று வைத்தால் 18 வாரம். 18 திங்கள் முழுதும் போய்விடும். செவ்வாய் வலையும் மீனும் இறக்கிவிட்டு மதியத்துக்குள் கல்லூரிக்கு ஓடி வந்தாலும் அரை நாள் போகும். அது 9 நாள். ஆக 27 நாள். மிச்சம் 63 நாள், அதாவது 70 சதவீதம். தேவை 75, நாள் கணக்கில் 68. நீங்கள் 'வாரம் ஒரு நாள்' என்று நினைப்பது உண்மையில் ஒன்றரை நாள்.

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பொதுவாக உள்ள நடைமுறை இது. 75-க்குக் கீழே 65 வரை வந்தால், தகுந்த காரணமும் முதல்வரின் பரிந்துரையும் இருந்தால் கன்டோனேஷன் கட்டணம் (வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்ளக் கட்டுவது) கட்டித் தேர்வு எழுதலாம். 65-க்கும் கீழே, 50-க்கு மேலே என்றால் இந்தப் பருவத் தேர்வு கிடையாது. அடுத்த முறை எழுதலாம், வகுப்பு தொடரும். 50-க்கும் கீழே போனால் அந்தப் பருவத்தையே திரும்பப் படிக்கவேண்டும். நீங்கள் புதன்கிழமைப் பயணத்துக்கும் சேர்த்துப் போனால் இன்னொரு ஒன்றரை நாள், ஆக வாரம் மூன்று நாள் போய்விடும். 36 நாள்தான் மிஞ்சும், 40 சதவீதம்.

சனிக்கிழமைப் பயணத்துக்கு மட்டும் போங்கள். ஞாயிறு காலை கரை சேர்ந்துவிடலாம், வருகையில் ஒரு நாள்கூடப் போகாது. ஒரே எச்சரிக்கை: ஐப்பசி, கார்த்திகையில் மழைக்கு விட்ட விடுமுறையை ஈடுகட்டச் சனிக்கிழமை கல்லூரி வைப்பார்கள். அன்று எந்த டே ஆர்டர் (எந்த நாளின் பாட அட்டவணை) என்று முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்பதால் இரட்டைப்படைப் பருவத் தேர்வுக்குப் படகு குறுக்கே வராது. ஆனால் வீட்டில் கை வறண்டிருக்கும் நேரத்தில்தான் ஜூன் மாதக் கல்விக் கட்டணமும் வரும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்குக் கல்லூரி மூலம் விண்ணப்பித்துவிட்டீர்களா என்று பாருங்கள். மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டம்.

பன்னிரண்டு வரை தமிழ்தான் படித்தேன். கல்லூரியில் பகுதி ஒன்றுக்கு அரபி எடுத்தேன். இப்போது தமிழ்த் தாளும் எழுதவேண்டும் என்கிறார்களே, இது சரியா?
- பி.காம். மாணவி, கீழக்கரை

சரிதான். பகுதி நான்கில் மூன்று வழி உண்டு. பள்ளியில் தமிழே படிக்காதவர்கள் அடிப்படைத் தமிழ் எழுதவேண்டும். பள்ளியில் தமிழ் படித்துவிட்டுக் கல்லூரியில் வேறு மொழி எடுத்தவர்கள் சிறப்புத் தமிழ் எழுதவேண்டும். தமிழை எடுத்தவர்கள் நான்-மேஜர் எலெக்டிவ் எழுதவேண்டும். நீங்கள் இரண்டாவது வழியில் வருகிறீர்கள். தோழிகள் எடுத்தார்கள் என்று நான்-மேஜர் எலெக்டிவில் பெயர் கொடுத்திருந்தால் உடனே துறைத் தலைவரிடம் சொல்லி மாற்றுங்கள். தேர்வுக் கட்டணம் கட்டிய பிறகு மாற்றுவது பெரும்பாடு.

தமிழ்வழியில் சேர்ந்தேன். ஆங்கிலவழிப் பிரிவில் இடம் காலியாக இருக்கிறது, மாறிக்கொள் என்கிறார்கள். மாறலாமா?
- பி.ஏ. பொருளியல் மாணவி, தேவிபட்டினம்

டி.என்.பி.எஸ்.சி. எண்ணம் இருந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படியுங்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு நேரடி நியமனங்களில் 20 சதவீதம் முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது. 2020-இல் அதைத் திருத்தி, முதல் வகுப்பிலிருந்து அந்த வேலைக்குக் கேட்கப்படும் தகுதி வரை முழுக்கத் தமிழ்வழியில் படித்திருக்கவேண்டும் என்றார்கள். குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்புதான் தகுதி என்பதால் உங்கள் கல்லூரிப் பிரிவு அதைப் பாதிக்காது. குரூப் 1, குரூப் 2-க்குப் பட்டம் தகுதி. இன்று மாறினால் அந்த முன்னுரிமை போய்விடும். 'ஆங்கிலவழியில் சேர்ந்தாலும் தேர்வைத் தமிழில் எழுதிக்கொள்ளலாமே' என்பார்கள். எழுதலாம், ஆனால் அது தமிழ்வழிப் படிப்பாகக் கணக்கில் வராது. மாற வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஆங்கிலம் கைவர வேண்டுமென்றால் பகுதி இரண்டின் வகுப்பை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அகத்தில் 20, புறத்தில் 28. மொத்தம் 48. நாற்பதுதானே பாஸ்? ஏன் அரியர் போட்டார்கள்?
- பி.எஸ்ஸி. கணிதம் மாணவர், ஏர்வாடி

இரண்டு கதவு இருக்கிறது, நீங்கள் ஒன்றைத்தான் தாண்டியிருக்கிறீர்கள். இளநிலையில் மொத்தம் 100-க்கு 40 வேண்டும். அதோடு, பல விதிமுறைகளில் பருவத் தேர்வின் 75-இல் தனியாக 40 சதவீதம், அதாவது 30 வேண்டும். உங்களுக்கு 2 குறைந்தது. அக மதிப்பெண் 25-க்கு 25 இருந்தாலும் இந்த 30 குறையாது. மறுபக்கம், அகத்தில் 8 மட்டும் எடுத்தவர் 30 எடுத்தாலும் தேறமாட்டார். அவருக்கு 32 வேண்டும்.

இரண்டு மதிப்பெண் இடைவெளி என்பதால் விடைத்தாள் நகல் கேட்பது நல்லது. முடிவு வந்த நாளிலிருந்து சில நாள்தான் கெடு. நகலில் முதலில் கூட்டலைச் சரிபாருங்கள், பிறகு திருத்தாமல் விட்ட பக்கம் உண்டா என்று புரட்டுங்கள், அதன் பிறகு மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டலாமா என்று பாட ஆசிரியரிடம் காட்டிக் கேளுங்கள். முடிவு வரும்வரை காத்திருக்காமல் அரியர் தேர்வுக் கட்டணத்தையும் கட்டிவிடுங்கள். மறுமதிப்பீடு கைகொடுக்காமல், கட்டணக் கெடுவும் தாண்டிவிட்டால் ஆறு மாதம் வீண்.

பி.காம். முடித்து பி.எட். படித்து டீச்சராகலாம் என்று சேர்ந்தேன். சரிதானே?
- மாணவி, தொண்டி

பாதி சரி. தமிழ்நாட்டில் வணிகவியல், பொருளியல் போன்ற பாடங்களுக்கு பி.எட். சேர முதுநிலைப் பட்டம் வேண்டும். எனவே பி.எட். சேருவதற்கு முன்பே மூன்று ஆண்டல்ல, எம்.காம்.-உம் சேர்த்து ஐந்து ஆண்டு ஆகும் என்று வீட்டில் இப்போதே சொல்லிவையுங்கள்.

ஸ்வயம் இணையதளத்தில் படித்தால் கிரெடிட் உண்டாமே?
- மாணவர், மண்டபம்

உண்டு. ஸ்வயம் என்பது மத்திய அரசின் இணையவழிப் படிப்புத் தளம். பருவத்துக்குரிய கிரெடிட்டில் 40 சதவீதம் வரை அப்படிப் பெற யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதிக்கிறது. ஆனால் நீங்கள் எடுக்கும் பாடத்தைக் கல்லூரி ஏற்கவேண்டும். முன் அனுமதி எழுத்தில் வாங்காமல் படித்து முடித்தால் சான்றிதழ் கிடைக்கும், மதிப்பெண் பட்டியலில் ஏறாது. கண்காணிப்போடு நடக்கும் இறுதித் தேர்வையும் நேரில் போய் எழுதவேண்டும்.

என் மகளுக்கு மென்டர் என்று ஒரு அம்மாவைப் போட்டிருக்கிறார்களாம். திட்டுவதற்குத்தான் கூப்பிடுவார்கள் என்று பயந்து போகமாட்டேன் என்கிறாள். அவரிடம் என்னதான் கேட்பது?
- ஒரு தாய், உச்சிப்புளி

நல்ல கேள்வி கேட்டீர்கள் அம்மா. கல்லூரி ஒவ்வொரு ஆசிரியருக்கும் சில மாணவர்களை ஒப்படைத்திருக்கும். சில இடங்களில் டியூட்டர் என்பார்கள். வழிகாட்டுவது அவர் வேலையின் ஒரு பங்கு. உங்கள் மகள் போய் நிற்பது அவருக்குத் தொந்தரவு இல்லை. வகுப்பு முடிந்து வராந்தாவில் மடக்கிக் கேட்டால் அவசரத்தில் பாதிப் பதில்தான் வரும். "மேடம், பத்து நிமிஷம் வேணும், எப்ப வரலாம்?" என்று முதலில் நேரம் கேட்கச் சொல்லுங்கள்.

போகும்போது கையில் பாடத்திட்ட அட்டவணையின் நகல், இதுவரை வந்த மதிப்பெண் பட்டியல், மேலே சொன்ன ஐந்து கட்டக் கணக்கு இருக்கட்டும். "எனக்கு ஏதாவது சொல்லுங்க" என்று கேட்டால் "நல்லாப் படி" என்றுதான் பதில் வரும். கேள்வி குறிப்பாக இருக்கவேண்டும். என் கிரெடிட் கணக்கு சரியா? அடுத்த பருவத்தில் எலெக்டிவ் எவை, எந்த மேற்படிப்புக்கு எது உதவும்? பகுதி ஐந்தில் என் பெயர் பதிவாகிவிட்டதா? நான் முதல்வன் (தமிழக அரசின் திறன் பயிற்சித் திட்டம்) பாடம் எந்தப் பருவத்தில், அதற்குக் கிரெடிட் உண்டா? கிரெடிட்டைச் சேர்த்துவைக்கும் கல்வி வங்கிக் கணக்குக்கான 12 இலக்க எண்ணில் என் பெயர், பிறந்த தேதி ஆதாரோடு ஒத்துப்போகிறதா? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பத்தாம் வகுப்புச் சான்றில் இனிஷியல் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால் கிரெடிட் ஏறாமல் நிற்கும்.

மேற்படிப்பு ஆசை ஏதாவது இருந்தால் அதையும் முதல் சந்திப்பிலேயே சொல்லட்டும். நம் தொண்டியிலேயே அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல், கடலோரப் பகுதி ஆய்வுத் துறை இருக்கிறது. அங்கே போக நினைக்கிறவர் அதன் சேர்க்கைத் தகுதியை முதலாண்டிலேயே எடுத்துப் பார்த்தால்தான் அதற்கேற்ற எலெக்டிவைத் தேர்ந்தெடுக்க முடியும். மூன்றாம் ஆண்டில் தெரிந்தால் தேர்ந்தெடுக்க ஒன்றும் மிச்சமிருக்காது.

மென்டர் சொன்னதைத் தேதி போட்டு நோட்டில் எழுதி, அவரிடமே ஒரு கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். அரசுக் கல்லூரியில் ஆசிரியர்கள் இடமாறுதலில் போவார்கள். அடுத்து வருகிறவரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினால் போதும், முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை.