சமுதாயக் கல்லூரியில் கதை எழுதப் படிக்கலாமா?

பிளஸ் டூ முடித்த மன்னார்குடித் தம்பி ஒருவர், அமெரிக்காவில் போல இங்கேயும் சமுதாயக் கல்லூரியில் படைப்பெழுத்து படிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

பெயர் ஒன்றுதான் தம்பி, விஷயம் வேறு. அங்கே அது இரண்டு வருடப் படிப்பு, முடித்துவிட்டு, படித்த பாடங்களுக்கான கிரெடிட்டுகளோடு பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளலாம், நடுவில் கதை, கவிதை வகுப்பும் எடுக்கலாம். நம் ஊரில் சமுதாயக் கல்லூரி என்றால் பெரும்பாலும் தொழிற்பயிற்சி. அதனால் பட்டத்துக்கு கும்பகோணம் அரசுக் கல்லூரி மாதிரி ஓர் இடத்தில் பி.ஏ. தமிழ் சேருங்கள்.

ஆனால் அமெரிக்கக் கதை வகுப்பின் உயிரான பட்டறையை, அதாவது ஒருவர் எழுதியதை மற்றவர்கள் படித்து அலசும் கூட்டத்தை, நீங்களே நடத்தலாம். 1936-ல் அங்கே அயோவா பல்கலைக்கழகத்தில் வேரூன்றிய முறை அது. ஐந்து பேர் போதும். கதையை ஒரு வாரம் முன்பே நகலெடுத்துக் கொடுத்துவிட வேண்டும், மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. இதுதான் கஷ்டம், இதில்தான் பலன்.

எங்கள் குழுவில் ஒரு பெண், மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்தும் கடைமடைக்கு வராததால் தாத்தா வருந்தினார் என்று எழுதியிருந்தாள். வருந்தி என்ன செய்தார் என்று கேட்டோம். அடுத்த வாரம் திருத்திக்கொண்டு வந்தாள்: தாத்தா தினமும் விடியலில் வாய்க்காலில் இறங்கி, காய்ந்த மண்ணைக் காலால் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் காபி குடிக்க வருகிறார். படித்ததும் எங்களில் யாருக்கும் பேச்சே வரவில்லை.