புதிய டாக்டர்களுக்கு சர்க்கரை சென்சாரை எப்படிப் பழக்குவது?

கையில் ஒட்டிக்கொண்டு இரவும் பகலும் சர்க்கரையை அளக்கும் சென்சாரைப் புதிதாக வேலைக்கு வரும் டாக்டர்களுக்கு எங்கிருந்து சொல்லிக்கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் இனிப்புநீர் (நீரிழிவு) நோயாளிகளைப் பார்க்கும் தாதி நான். நோயாளியின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேட்கப் பழக்குங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ஒட்டவும் ஸ்கேன் செய்யவும் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள். வரைபடத்தைப் படிப்பதில்தான் சிரமம். 14 நாள் வரைபடத்தைக் கொடுத்ததும் கண் நேராகச் சராசரி சர்க்கரை அளவுக்குப் போகும். நான் அந்த எண்ணைக் கையால் மறைத்துவிட்டு, சர்க்கரை 3.9-க்குக் (mmol/L கணக்கில்) கீழே எந்த நேரத்தில் இறங்குகிறது என்று முதலில் கேட்பேன். இறக்கத்தைக் கவனிக்காமல் மருந்தைக் கூட்டினால் ஆள் மயங்கி விழக்கூடும். அப்புறம்தான் 3.9-லிருந்து 10-க்குள் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்ப்பது. பொதுவாக 70 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். தளர்ந்த முதியவர்களுக்கு 50 தாண்டினாலே போதும், ஆனால் 3.9-க்குக் கீழே இருக்கும் நேரம் 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவருக்கு வேலை நாட்களில் மட்டும் காலை ஒன்பது மணிவாக்கில் கோடு சரிந்தது. காலை ஊசியைக் குறைக்கலாம் என்றார் புது டாக்டர். "எத்தனை மணிக்குப் பசியாறுறீங்க என்று கேளுங்க டாக்டர்" என்றேன். விடியுமுன் கலவை இன்சுலினை (வேகமாகவும் மெதுவாகவும் வேலை செய்யும் இரண்டும் கலந்தது) போட்டு, தே ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) மட்டும் குடித்துவிட்டுப் போகிறாராம். பசியாறுவது பத்து மணிக்கு மேல். அளவில் கை வைக்கவில்லை. ஊசி போட்ட அரை மணி நேரத்தில் சாப்பிடச் சொன்னோம். சரிவு நின்றது.

இன்னொன்றையும் அவசியம் சொல்லுங்கள். சென்சார் அளப்பது ரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் உள்ள நீரை. அதனால் சர்க்கரை வேகமாக மாறும்போது சில நிமிடங்கள் பின்தங்கும். சென்சார் உள்ள கை அழுந்தும்படி படுத்தால், இறங்காத சர்க்கரையும் இறங்கியதாகக் காட்டும். நள்ளிரவில் திடீர்ப் பள்ளம் தெரிந்தால், எந்தப் பக்கம் படுக்கிறார் என்று கேட்க வேண்டும். உடம்பு சொல்வதும் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் விரலில் குத்திப் பார்ப்பதுதான் முறை.

எங்கள் பக்கம் பலரும் சொந்தக் காசில்தான் சென்சார் வாங்குகிறார்கள். தோட்டச் சம்பளத்தில் அது பெரிய செலவு. ஆகவே யாருக்கு எழுதிக்கொடுப்பது என்பதும் பயிற்சியில் வர வேண்டும். இன்சுலின் போடுபவர்களில் அடிக்கடி இறக்கம் வருகிறவருக்கும், இறங்குவதே தெரியாதவருக்கும் முதலிடம். தொடர்ந்து வாங்க முடியாதவர், அடுத்த சந்திப்புக்கு முந்திய இரண்டு வாரம் மட்டும் ஒட்டிக்கொண்டு வந்தாலும் மருந்தைத் திருத்த அது உதவும்.