முந்திரியை நிறுத்துங்கள், முட்டையைத் திருப்பிக் கொடுங்கள்

கேள்வி: பண்ருட்டி பக்கம் எங்கள் ஊர். வீட்டுக்காரர் முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகையில் வேலை பார்க்கிறார். போன மாதம் ஒரு கிரகப்பிரவேச விருந்தில் மூன்று வயது மகனுக்குச் சேமியா பாயசம் கொடுத்தோம். பத்து நிமிடத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, வாந்தியும் விடாத இருமலும் வந்துவிட்டது. ஊசி போட்டுச் சரியானது. பிறகு ரத்தப் பரிசோதனையில் முந்திரி, பால், முட்டை, கோதுமை, மீன், கத்திரிக்காய் எல்லாம் 'பாசிட்டிவ்'. மூன்று வாரமாக ரசம் சோறுதான். பிள்ளை இளைத்துவிட்டான். நான் ஆறு மாத கர்ப்பிணி. அவனைச் சுமந்தபோது நான் முந்திரி நிறையச் சாப்பிட்டதுதான் காரணம் என்கிறார் மாமியார். அடுத்த குழந்தைக்கும் வருமா? இப்போதே முந்திரியை நிறுத்திவிடட்டுமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு, முதலில் மனதிலிருந்து ஒன்றை இறக்கி வையுங்கள். நீங்கள் சாப்பிட்டதால் பிள்ளைக்கு இது வரவில்லை. உங்கள் மாமியாரும் இல்லாததைச் சொல்லவில்லை. ஒரு காலத்தில் மருத்துவர்களே அப்படித்தான் சொன்னோம். குடும்பத்தில் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு வேர்க்கடலை, கொட்டைப் பருப்பு வகைகளை மூன்று வயதுவரை தள்ளி வையுங்கள் என்று 2000-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் அறிவுரை தந்தது. பயன் இல்லை என்று 2008-ல் அதைக் கைவிட்டார்கள். பழைய பேச்சு மட்டும் வீடுகளில் தங்கிவிட்டது.

மகனைப் பார்ப்போம். பாயசத்தில் பாலும் சேமியாவும் முந்திரியும் இருந்திருக்கும். பாலும் கோதுமையும் அவன் அதற்கு முன்பு தினமும் சாப்பிட்டானா? சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்றால் குற்றவாளி முந்திரிதான். சாப்பிட்ட சில நிமிடத்தில் தோல், வயிறு, மூச்சு என்று மூன்று இடத்தில் ஒரே நேரத்தில் தெரிந்திருக்கிறது. இது கடுமையான ஒவ்வாமை, சின்ன விஷயமாக நினைக்காதீர்கள்.

அந்த நீளமான ரிப்போர்ட் வேறு கதை. அது ரத்தத்தில் உள்ள ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்புப் பொருளைத்தான் அளக்கிறது. அது இருப்பதும் ஒவ்வாமை இருப்பதும் ஒன்றல்ல. தெருவில் நாய் நிற்கிறது என்று அந்தக் காகிதம் சொல்லும், கடிக்குமா என்று சொல்லாது. அதைச் சொல்வது, பிள்ளை சாப்பிட்டபோது என்ன நடந்தது என்கிற உங்கள் நினைவுதான். அதனால்தான் முதலில் கதையைக் கேட்டு, சந்தேகப்படும் ஒன்றிரண்டு பொருளுக்கு மட்டும் பரிசோதனை எழுத வேண்டும் என்கிறோம். அப்படியும் தெளியாவிட்டால், மருத்துவமனையில் வைத்து, கண்முன்னே கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடக் கொடுத்துப் பார்ப்பதே கடைசித் தீர்ப்பு. அதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள்.

பாலும் முட்டையும் மீனும் அவன் முன்பு நன்றாகச் சாப்பிட்டவை என்றால் திரும்பக் கிடைக்க வேண்டும். இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் போய், அவர் சொல்லும் வரிசையில் தொடங்குங்கள். தாமதம் வேண்டாம். ஒத்துப்போன உணவையும் மாதக்கணக்கில் நிறுத்தினால், குறிப்பாகக் கரப்பான் (எக்ஸிமா என்ற தோல் அரிப்பு நோய்) உள்ள பிள்ளைகளுக்கு, திரும்பக் கொடுக்கும்போது ஒத்துக்கொள்ளாமல் போகலாம். வளர்கிற வயதில் ரசம் சோறு மட்டும் போதவே போதாது.

முந்திரி மட்டும் துளிகூடக் கூடாது. பிஸ்தாவும் கூடாது, இரண்டும் நெருங்கிய சொந்தம். மாம்பழமும் அதே குடும்பம்தான், ஆனால் சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்றால் தாராளமாகக் கொடுங்கள். நம் ஊரில் முந்திரி எதில்தான் இல்லை? பொங்கல், கேசரி, லட்டு, கோயில் பிரசாதம் எல்லாவற்றிலும் இருக்கும். அங்கேயாவது கண்ணுக்குத் தெரியும். ஹோட்டல் குருமாவில் அரைத்து விட்டிருப்பார்கள். பருப்பைப் பொறுக்கிப் போட்டுவிட்டுக் கொடுப்பது பாதுகாப்பு இல்லை. அங்கன்வாடி ஆசிரியையிடமும் சொல்லி வையுங்கள்.

மறுபடி நேர்ந்தால் உயிரைக் காப்பது அட்ரினலின் ஊசி. அவில் மாதிரி அரிப்பு மருந்து மூச்சுத்திணறலை நிறுத்தாது. எடைக்கு ஏற்ற அளவை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். 13 கிலோ பிள்ளைக்கு, மில்லிக்கு 1 மில்லிகிராம் உள்ள ஆம்பூலில் 0.13 மில்லி வரும். தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். வீட்டில் இரண்டு பேராவது அவர் முன்னால் போட்டுக் காட்டிப் பழகுங்கள். கத்திரி வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியில் மருந்தை வைக்காதீர்கள். போட்டதும் பிள்ளையைப் படுக்க வையுங்கள், மூச்சு வாங்கினால் சாய்த்து உட்கார வையுங்கள், நடக்க விடாதீர்கள். உடனே 108. சரியாகிவிட்டாலும் சில மணி நேரம் மருத்துவமனையில் இருக்க வேண்டும், சிலருக்குத் திரும்பவும் வரும்.

அப்பாவின் கைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொட்டை உடைப்பவர்களுக்குக் கை கறுத்து, தோல் உரிந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அது ஓட்டில் உள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்குவது. மகனுக்கு வந்தது பருப்பில் உள்ள புரதத்தால். பரம்பரை என்று இரண்டையும் முடிச்சுப் போட வேண்டாம். ஆனால் பருப்புத் தூள் படிந்த சட்டையோடு அவர் பிள்ளையைத் தூக்காமல், குளித்து மாற்றிக்கொண்டு தூக்கட்டும். வெடித்த தோல் வழியாக உள்ளே போகும் உணவை உடல் எதிரியாகப் பார்க்கிறது, வயிற்று வழியாக முதலில் போனால் பழகிக்கொள்கிறது என்பதே இன்று பெரும்பாலான மருத்துவர்கள் ஏற்கும் விளக்கம்.

அடுத்த குழந்தைக்கும் இதுதான் வழி. லண்டனில் நடந்து 2015-ல் வெளியான ஆய்வில், கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 கைக்குழந்தைகளில் ஒரு பாதிக்குச் சீக்கிரமே வேர்க்கடலை உணவு கொடுத்தார்கள். ஐந்து வயதில், கொடுக்காதவர்களில் நூற்றுக்குப் பதினேழு பேருக்கு ஒவ்வாமை. கொடுத்தவர்களில் மூன்று பேருக்குத்தான். அது வேர்க்கடலை, முந்திரி அல்ல. ஆனாலும் தள்ளிப் போடுவதால் பயன் இல்லை என்பது தெளிவாகிவிட்டது. நீங்கள் இப்போது முந்திரியை நிறுத்த வேண்டியதில்லை. சாப்பிட்டால் கை கழுவிவிட்டு மகனைத் தொடுங்கள். ஆறு மாதம்வரை தாய்ப்பால், பிறகு மற்ற உணவோடு முட்டை, வேர்க்கடலை, முந்திரி விழுது. முழுப் பருப்பு தொண்டையில் அடைக்கும், கூடாது. குழந்தைக்குக் கரப்பான் இருந்தால் கொடுக்கும் முன் மருத்துவரைப் பாருங்கள். விழுது தரும்போது பெரியவன் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, சின்னதின் வாயையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு அண்ணனோடு விளையாட விடுங்கள்.