கடலுக்கடியில கல்லு பொறுக்கலாமா? – வாசகர் கேள்விகள்

கேள்வி: ஸ்கூபா சர்டிஃபிகேட் வாங்கியாச்சு சார், மீனையே பாத்து பாத்து போரடிக்குது. கலிஃபோர்னியாவுல கடலுக்குள்ள இறங்கி ஜேட் கல்லு எடுக்குறாங்களாமே, நெஜமா? புடிச்சு உள்ள போட மாட்டாங்களா?

மீன் பாத்து போரடிக்குதா, உங்களுக்கு ரொம்பத்தான் கொடுத்து வெச்சிருக்கு. விஷயம் நெஜம்தான், ஜேட்ங்குறது செதுக்கி நகை, சிலை பண்ணுற பச்சைக் கல்லு. பிக் சர் கடற்கரையில ஜேட் கோவ்னு ஒரு இடம் இருக்கு, அந்தப் பக்கத்துக் கடல் மொத்தமும் மான்டரே பே தேசிய கடல் சரணாலயம், 1992ல அறிவிச்சது, அதுக்குள்ள தரையைக் கிளறி கனிமம் எடுக்கவே கூடாது. ஆனா சாண்ட் டாலர் பீச்சோட தெக்குப் படிக்கட்டுலேர்ந்து கேப் சான் மார்ட்டின் முனை வரைக்கும் ஜேட்டுக்கு மட்டும் விலக்கு குடுத்திருக்காங்க. அதுவும் 90 அடி ஆழம் வரைக்கும்தான், தானா கழண்டு கிடக்குற கல்லு மட்டும்தான், பாறையில ஒட்டிட்டு இருக்குறத நெம்பிப் பேத்தெடுக்கக் கூடாது. கையில கத்தியோ சின்னக் கடப்பாரையோ வெச்சுக்கலாம், 36 இஞ்சுக்கு மேல நீளம் கூடாது, மிஷின் எதுவும் ஆகாது. எல்லாத்துக்கும் மேல, ஒரு ஆள் தன்னால எவ்ளோ தூக்க முடியுமோ அவ்ளோதான் எடுக்கலாம். கரையில ஏறினதும் மேட்டுல கிடக்குற கல்லுல கை வெச்சுடாதீங்க, அலை ஏறுற கோட்டுக்கு மேல இருக்குறது வனத்துறை நிலம், அங்க எடுத்தா தப்பு.

கேள்வி: தண்ணிக்குள்ள எது ஜேட்னு எப்படித் தெரியும்? பச்சையா இருந்தா எடுத்துடலாமா?

அப்படி எடுத்தீங்கன்னா பை நெறைய சர்ப்பென்டைன்தான் வரும். அந்தக் கரை முழுக்க அதுதான் கிடக்கு, அதுவும் பச்சை, அதுவும் வழவழ. போதாக்குறைக்கு தண்ணி சிவப்பு வெளிச்சத்தத்தான் மொதல்ல முழுங்குது, 10 மீட்டர் கீழ போனா எல்லாக் கல்லுமே நீலம் கலந்த பச்சையாத்தான் தெரியும், அதனால டார்ச் இல்லாம கலரை நம்பவே கூடாது. மாஸ்க் கண்ணாடி வழியா பாக்குறப்ப எல்லாம் மூணுல ஒரு பங்கு பெருசா வேற தெரியும், கீழ பிரமாதமா தெரிஞ்ச கல்லு மேல வந்ததும் சுண்டிப்போன மாதிரி ஆயிடும்.

நம்பகமான வழி கத்திதான். கல்லோட ஓரத்துல ஸ்டீல் கத்தி முனைய அழுத்தி ஒரு இழு இழுங்க. சர்ப்பென்டைன்னா கீறல் விழும், தூள் வரும். ஜேட்னா கத்திதான் தேயும், கல்லு மேல வெள்ளி மாதிரி ஒரு கோடு விழும், கட்டைவிரலால தேச்சா போயிடும். அங்க கிடைக்கிறது நெஃப்ரைட் வகை, கல்லோட கடினத்தை அளக்குற மோஸ் அளவுல 6லேர்ந்து 6.5, சாதாரணக் கத்தி அதுக்குக் கீழ. இப்படிக் கீறிப் பாக்குறதுக்கு சரணாலய விதியே அனுமதிக்குது. குவார்ட்ஸ்ங்குற படிகக் கல்லும் கத்திக்கு மசியாதுங்குறத மறந்துடாதீங்க, அதனால வீட்டுக்கு வந்ததும் கல்லை நூல்ல கட்டி ஒரு தடவை காத்துல, ஒரு தடவை தண்ணிக்குள்ள தொங்கவிட்டு எடை போடுங்க. காத்துல 300 கிராம், தண்ணியில 200 கிராம்னா 100 குறைஞ்சிருக்கு, 300ஐ 100ஆல வகுத்தா 3. நெஃப்ரைட் அந்த 3ஐ ஒட்டித்தான் வரும், குவார்ட்ஸும் சர்ப்பென்டைனும் 2.6 கிட்ட நின்னுடும்.

திராட்சைக் கொத்து மாதிரி புடைப்பு புடைப்பா ஒரு ஜேட் அங்க உண்டு, அது மாட்டினா கீறிப் பாத்து கெடுத்துடாதீங்க, அப்படியே பையில போடுங்க.

கேள்வி: கல்லு கனமா இருந்தா டைவிங் ஜாக்கெட்ல காத்து அடிச்சு அப்படியே மேல வந்துடலாம்னு ஃப்ரெண்டு சொல்றான். சரியா?

உங்க ஃப்ரெண்டோட டைவ் போகாதீங்க. 3 கிலோ ஜேட் கடலுக்குள்ள சுமார் 2 கிலோதான் கனக்கும், அதான் ஆளுக்கு ஆசை காட்டுது, ஒண்ணு ஒண்ணா பொறுக்கிப் போட்டுட்டே போவோம், தரையில நிக்கிறப்ப ஒண்ணும் தெரியாது. கிளம்பும்போது 10 கிலோ சுமையத் தூக்க ஜாக்கெட்ல காத்த ஏத்துவீங்க, பாதி வழியில பை கையவிட்டு நழுவுதுன்னு வைங்க, சுமை போச்சு, காத்து அப்படியே இருக்கு. 10 மீட்டர்ல இருக்குற காத்து மேல வர்றதுக்குள்ள ரெண்டு மடங்கா விரியும், நீங்க நிறுத்தணும்னு நெனச்சாலும் நிக்காது. அந்த வேகத்துல மூச்சப் புடிச்சீங்கன்னா நுரையீரல் கிழியும், பயத்துல மூச்சப் புடிக்கிறதுதான் எல்லாரும் செய்யறது.

சுமைக்கு தனியா லிஃப்ட் பேக்னு ஒண்ணு இருக்கு, கல்லை அதுல கட்டி அதுக்கு மட்டும் காத்து விடணும், நீங்க தள்ளி நின்னு உங்க வேகத்துல வரணும், பேக்குக்கு நேர் கீழ நிக்கக் கூடாது, கட்டு அவிழ்ந்தா கல்லு உங்க தலையிலதான். அங்க எத்தனை பேக் கட்டினாலும் மொத்தம் 200 பவுண்டு, அதாவது 90 கிலோ தூக்குற அளவுதான் அனுமதி. என்னக் கேட்டா அதுவும் வேண்டாம். ஒரு கையில தூக்கிட்டு நீந்த முடியாத கல்லை விட்டுட்டு வாங்க.

தண்ணி வேற ஐஸ் மாதிரி இருக்கும், 10லேர்ந்து 14 டிகிரி, 7 மில்லிமீட்டர் வெட்சூட்டாவது வேணும். கரையில செங்குத்தான மேடு, அதுல டேங்க் தூக்கிட்டு இறங்கி திரும்ப கல்லோட ஏறணும். புயல் அடிச்சு ஓஞ்சதும் அடியில புரண்டு புதுக்கல்லு தெரியும்னு சொல்றது வாஸ்தவம்தான், ஆனா அலை முழுசா அடங்குறதுக்கு முன்னாடி இறங்குறவங்களுக்கு கல்லு கிடைக்குதோ இல்லையோ, பாறையில மோதி காயம் கட்டாயம் கிடைக்கும்.

கேள்வி: 4 டன் கல்லை ஆளுங்களே வெளிய எடுத்தாங்கன்னு கேள்விப்பட்டேன்?

ஆமா, 1971ல மூணு டைவர்ங்க சேந்து 9,000 பவுண்டு ஜேட் பாறை ஒண்ண பிக் சர் கடலுக்குள்ளேர்ந்து கொண்டுவந்தாங்க. அப்ப சரணாலயமே கிடையாது. இப்ப அப்படி ஒண்ண பாத்தீங்கன்னா, கையால தூக்க முடியாத கல்லுக்கு தனியா பர்மிட் கேட்டு எழுதணும்.

கேள்வி: நியூசிலாந்துல எடுக்கலாமா? வேற கல்லு ஏதாவது?

நியூசிலாந்து ஜேட்டுக்கு பேரு பௌனாமு, 1997 சட்டப்படி அது நைய் டஹுங்குற மாவோரி பழங்குடி மக்களோட சொத்து. மேற்குக் கரை பீச்சுகள்ல ஒரு நாளைக்கு ஒரு ஆள் கையில தூக்குற அளவு பொறுக்கிக்க விடுறாங்க, ஆத்துல இறங்கிடாதீங்க. அமெரிக்காவுல சவுத் கரோலைனாவுல ஆத்துக்கடியில கிடக்குற மெகலடான்ங்குற அழிஞ்சுபோன ராட்சசச் சுறாவோட பல்லு எடுக்க ஹாபி டைவர் லைசென்ஸ் வேணும், அங்க தண்ணி கலங்கலா இருக்கும், கண்ணுக்கு வேலையே இல்ல, கையால தடவித்தான் தேடணும்.

கேள்வி: வித்தா காசு வருமா?

டேங்க் வாடகை, சூட், பெட்ரோல் எல்லாம் கூட்டிப் பாத்துட்டு கேளுங்க. வர்ற கல்லுல நெறைய விரிசலோட வரும், செதுக்க ஆகாது. அக்டோபர்ல பசிஃபிக் வேலியில பிக் சர் ஜேட் திருவிழா நடக்கும், செதுக்குறவங்களே வந்து உக்காந்திருப்பாங்க, உங்க கல்லை அவங்ககிட்ட காட்டுங்க, ரெண்டே நிமிஷத்துல ஜேட்டா சர்ப்பென்டைனானு சொல்லிடுவாங்க.