கழுத்துக்கும் மதிப்பெண்ணா, டாக்டர்?

கேள்வி: நான் அறுவை சிகிச்சைப் பிரிவில் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவன். பயிற்சிக் கூடத்தில், சிறு துளை வழியே கேமராவும் கருவிகளும் செலுத்தித் திரையைப் பார்த்துச் செய்யும் லேப்ராஸ்கோபி அறுவைக்கான பயிற்சிப் பெட்டிக்குள் ரப்பர் துண்டுகளை ஒரு முளையிலிருந்து இன்னொரு முளைக்கு மாற்றிப் பழகுகிறோம். இப்போது பக்கவாட்டில் கேமரா வைத்து, நாங்கள் நிற்கும் விதத்துக்கும் புள்ளி போடுகிறார்கள். என் வேகம் நன்றாகக் கூடியிருக்கிறது. ஆனால் நிற்பதற்கு 6 புள்ளி, 'சீக்கிரம் மாற்று' என்கிறார்கள். கை ஒழுங்காக வேலை செய்யும்போது கழுத்தைப் பற்றி என்ன கவலை?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: முதலில், அந்த 6-ஐ வீட்டில் பெருமையாகச் சொல்லிவிடாதீர்கள் தம்பி. ரூலா என்ற அந்த அளவுகோலில் குறைய வாங்கியவர்தான் கெட்டிக்காரர். 7 வந்தால் உடனே மாற்றியாக வேண்டும். லின் மக்அடாம்னி, நைஜல் கார்லெட் இருவரும் 1993-இல் வெளியிட்ட முறை அது. கணினித் திரை முன் உட்காருபவர்களையும் ஆலைத் தொழிலாளர்களையும் கவனித்து உருவாக்கினார்கள். அறுவை அரங்கும் ஒரு பட்டறைதான் என்று ஒப்புக்கொள்ள நம் ஆட்களுக்குத்தான் நாளாயிற்று.

கை ஒழுங்காக இருக்கிறது என்கிறீர்கள். என் கையும் ஒழுங்காகத்தான் இருந்தது. நான் ஐந்தடிக்கு அரை அங்குலம் குறைவு. மேசை எப்போதும் பெரிய டாக்டரின் உயரத்தில் நிற்கும், மானிட்டர் அலமாரியின் உச்சியில். நிமிர்ந்து நிற்கிறேன் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். பின்னாளில் ஒரு பயிற்சி வகுப்பில், மாணவர்களைப் படமெடுத்த கேமராவில் நானும் விழுந்துவிட்டேன். மோவாயைத் தூக்கி, தோள்களைக் காதுவரை ஏற்றி, இறக்கை விரித்த கோழியைப் போல முழங்கைகளை அகட்டிக்கொண்டு ஓர் அம்மாள் நின்றாள். 'நேராக நில்லுங்கள்' என்று மாணவர்களை அதட்டும் குரல் மட்டும் என்னுடையது! அந்த வருடமே இடது கையைத் தூக்கித் தலை வார முடியாமல் போயிற்று.

ரூலாவில் கழுத்து 10 பாகைக்குள் முன்னே சாய்ந்தால் 1 புள்ளி, 20-ஐத் தாண்டினால் 3. பின்னால் மடிந்தால் 4. உயரத்தில் மாட்டிய மானிட்டர் செய்யும் வேலை அதுதான். தோள் ஏறினால் ஒன்று, கை அகன்றால் ஒன்று, அசையாமல் ஒரே நிலையில் நின்றால் இன்னொன்று என்று கூடிக்கொண்டே போகும். கவனம் முழுவதும் திரையில் இருக்கும்போது இதெல்லாம் நமக்கே தெரிவதில்லை. தெரிய வைக்கத்தான் படம்.

ஆனால் புள்ளியைப் பார்த்து உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். பெரும்பாலும் குற்றவாளி மேசைதான். லேப்ராஸ்கோபிக் கருவி நீளமானது. நுனி கீழே போக, பிடி மேலே வரும். அதனால் திறந்த அறுவைக்கு வைப்பதைவிட மேசையை நன்றாக இறக்கி, பிடி முழங்கை மட்டத்திலோ சற்றுக் கீழேயோ வரும்படி வைக்க வேண்டும். நிஜ நோயாளியின் வயிற்றில் வாயு ஏற்றி உப்ப வைத்ததும் பிடி இன்னும் உயரும். பயிற்சிப் பெட்டி உப்பாது என்பதால் அங்கே இந்தப் பாடம் கிடைக்காது. மானிட்டர் நேர் எதிரே, கண் மட்டத்துக்குச் சற்றுத் தாழ்வாக இருக்கட்டும்.

கேமராவையும் முழுக்க நம்பாதீர்கள். மூட்டுகளைத் தானே கண்டுபிடித்துக் கோணம் அளக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டன. கூகுளின் மீடியாபைப் உடம்பில் 33 இடங்களைக் குறிக்கிறது. இருந்தாலும் தொளதொள கவுனுக்குள் முழங்கை எங்கே இருக்கிறது என்று அதுவும் ஊகிக்கத்தான் வேண்டும். பக்கவாட்டுப் படத்தில் இடுப்பு திருகியிருப்பது தெரியாது, முன்னால் இன்னொரு கேமரா வேண்டும். நானாக இருந்தால் மொத்தப் புள்ளியை ஓரமாக வைத்துவிட்டு, நிமிடத்துக்கு ஒருமுறை படத்தை நிறுத்தி உங்களையே பார்க்கச் சொல்வேன்.

நாளை பெட்டியை இரண்டு அங்குலம் இறக்கி, அதே பயிற்சியை மறுபடி படமெடுங்கள். சில வினாடிகள் கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை. பெட்டி இறங்காவிட்டால் ஏறி நிற்க ஸ்டூல் கேளுங்கள். அதைக் கேட்க வெட்கப்பட்டே எட்டு வருடம் ஓட்டியவள் நான்.