மொபைல் டேட்டா: கொங்கு வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

அண்மையில் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, "நெட் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது" என்ற ஒரே குறையைத்தான் வெவ்வேறு ஊர்களிலிருந்து சொல்கின்றன. எந்தச் செயலி எவ்வளவு எடுத்தது என்று பார்த்துவிட்டு எழுதியவர்கள் மிகக் குறைவு. அந்தக் கணக்கு ஒவ்வொரு கைப்பேசியிலும் எழுதப்பட்டே இருக்கிறது என்பதால், கீழுள்ள பதில்கள் பலவும் அதைத் திறந்து பார்க்கச் சொல்வதிலிருந்தே தொடங்குகின்றன.

கேள்வி (கோபிசெட்டிபாளையம், பள்ளி ஆசிரியர்): நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் திட்டம் வைத்திருக்கிறேன். காலையில் எழும்போதே பாதி அளவு தீர்ந்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்திருக்கிறது. இரவில் கைப்பேசியை நான் தொடுவதே இல்லை. யாரேனும் திருடுகிறார்களா?

பதில்: நாள் கணக்கில் தரப்படும் திட்டங்களில் புதிய அளவு நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்குகிறது. கைப்பேசியோ, நீங்கள் அதைத் தொடாமல் சார்ஜில் போட்டிருக்கும் நேரத்தைத்தான் பெரிய வேலைகளுக்குத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். வாட்ஸ்அப் தன் உரையாடல்களைக் கூகுள் கணக்கில் சேமித்து வைப்பது பின்னிரவு 2 மணியளவில் நடக்கும். கூகுள் போட்டோஸ் அன்று எடுத்த படங்களை ஏற்றுவதும், பிளே ஸ்டோர் செயலிகளைப் புதுப்பிப்பதும் பெரும்பாலும் அத்தகைய ஓய்வு நேரத்தில்தான். வீட்டில் வைஃபை இருந்தால் இவை எதுவும் உறுத்தாது. சிம் டேட்டாவை மட்டும் நம்பியிருப்பவருக்கு, அன்றைய அளவு விடிவதற்குள் கரைந்துவிடும்.

ஆகவே ஐயப்படுவதற்கு முன் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள் சென்று, டேட்டா யூசேஜ் என்பதைத் திறந்து பாருங்கள். அதிகம் எடுத்த செயலி முதலில் நிற்கும். அதைத் தொட்டால், நீங்கள் திரையில் பயன்படுத்தியபோது எவ்வளவு, பின்னணியில் அதுவாகவே எவ்வளவு என்று இரண்டு எண்கள் தனித்தனியே தெரியும். பின்னணி எண் பெரிதாக இருக்கும் செயலிதான் உங்கள் இரவுச் செலவுக்குக் காரணம். அதே திரையில் 'பேக்கிரவுண்ட் டேட்டா' என்ற பொத்தானை அணைத்துவிட்டால், நீங்கள் திறக்கும்போது மட்டும் அது இணையத்துக்குச் செல்லும். வாட்ஸ்அப்பில் மட்டும் அந்தப் பொத்தானை அணைக்க வேண்டாம். செய்திகளும் அழைப்புகளும் நேரத்துக்கு வராமல் போகும். அதற்குப் பதிலாக வாட்ஸ்அப்பின் சாட் பேக்கப் பகுதியில் மொபைல் டேட்டா வழியாகச் சேமிக்கும் அனுமதியையும், வீடியோக்களைச் சேர்க்கும் அனுமதியையும் நீக்குங்கள். கூகுள் போட்டோஸில் மொபைல் டேட்டாவுக்கு நாளொன்றுக்கு 5, 10 அல்லது 30 எம்பி என்று வரம்பு வைக்கலாம்; முற்றிலும் நிறுத்தவும் செய்யலாம். பிளே ஸ்டோரில் புதுப்பித்தலை 'வைஃபையில் மட்டும்' என்று மாற்றிவிடுங்கள்.

திருட்டு என்று சொல்லத்தக்கது ஒன்று உண்டு. அந்தப் பட்டியலில் ஹாட்ஸ்பாட் என்ற வரியில் பெரிய எண் இருந்து, நீங்கள் யாருக்கும் பகிரவில்லை என்றால், ஹாட்ஸ்பாட்டின் கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள்.

கேள்வி (பல்லடம் அருகே, கறிக்கோழிப் பண்ணை): பண்ணையில் 4ஜி சிம் போட்ட கண்காணிப்புக் கேமரா வைத்திருக்கிறோம். நாளுக்கு 2 ஜிபி திட்டம். மதியத்துக்குள் தீர்ந்து, மாலையில் படம் நின்று நின்று வருகிறது. என் கைப்பேசியின் டேட்டாவும் முன்பைவிட வேகமாகக் குறைகிறது.

பதில்: உங்கள் கேள்வியைச் சற்று விரிவாக எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் பண்ணையிலும் தோட்டத்துச் சாளையிலும் தறிக்கூடத்திலும் கேமரா வைத்தவர்கள் எல்லோருக்கும் இதே கணக்குப் பொருந்தும். கேமரா படத்தை அனுப்பும் வேகம் எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு எத்தனை மெகாபிட், என்ற அளவில் குறிக்கப்படும். நொடிக்கு 1 மெகாபிட் அனுப்பும் கேமரா ஒரு மணி நேரத்தில் சுமார் 450 எம்பி அனுப்புகிறது. நாள் முழுதும் அனுப்பினால் 10.8 ஜிபி. தெளிவான படத்துக்காக 2 மெகாபிட் வைத்திருந்தால் இதுவே இரு மடங்கு. கேமராவில் சப் ஸ்ட்ரீம் என்று இருக்கும் மங்கலான படத்தை 256 கிலோபிட்டில் வைத்தாலும்கூட, இடைவிடாமல் அனுப்பினால் நாளுக்கு 2.7 ஜிபியைத் தாண்டும். எனவே 2 ஜிபி திட்டத்தில் தொடர்ந்து ஒளிபரப்புவது நடைமுறையில் நடக்காத காரியம். வேண்டும்போது பார்ப்பது என்பது ஒன்றே வழி.

பதிவை மேகக்கணிக்கு (இணையவழிச் சேமிப்பகத்துக்கு) அனுப்பாமல், கேமராவுக்குள் இருக்கும் மெமரி கார்டில் எழுதச் செய்யுங்கள். கார்டில் எழுதுவதற்கு டேட்டா செலவாகாது. மேகக்கணிச் சேமிப்புக்குச் சந்தா கட்டியிருந்தால், சிம்மை நம்பி ஓடும் பண்ணையில் அது எனக்கு உகந்ததாகப் படவில்லை. அசைவு தெரிந்தால் அறிவிப்பு அனுப்பும் வசதியைக் கொட்டகைக்குள் இருக்கும் கேமராவில் அணைத்துவிடுங்கள். ஆயிரக்கணக்கான கோழிகள் அசைந்துகொண்டே இருக்கும் இடத்தில் அதற்கு ஓய்வே இராது. வாசல் கேமராவில் மட்டும் வைத்துக்கொள்ளலாம். கேமராவில் படத்தைச் சுருக்கி அனுப்பும் முறை எச்.264, எச்.265 என்று இரு வகை இருந்தால் பின்னதைத் தேர்ந்தெடுங்கள். ஏறக்குறைய அதே தெளிவைக் குறைந்த டேட்டாவில் தரும்.

உங்கள் கைப்பேசியில் குறைவதற்கும் விடை இதுதான். கேமரா ஏற்றுவது அதன் சிம்மில் கழிகிறது. அதே படம் உங்கள் கைப்பேசியில் இறங்குவது உங்கள் சிம்மில் கழிகிறது. ஒரே பார்வைக்கு இரண்டு சிம்களிலும் செலவு. வீட்டில் உங்கள் மனைவியும் மகனும் அதே நேரத்தில் திறந்தால், பெரும்பாலான கேமராக்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பும். 2 மெகாபிட் தரத்தில் பத்து நிமிடம் பார்ப்பது சுமார் 150 எம்பி. சப் ஸ்ட்ரீமில் அதே பத்து நிமிடம் 20 எம்பிக்குள் அடங்கும். செயலியைத் திறந்ததும் சப் ஸ்ட்ரீமே வரும்படி வைத்து, ஐயம் வந்தால் மட்டும் தெளிவான படத்துக்கு மாறுங்கள். கேமராவின் செலவை உங்கள் கைப்பேசி காட்டாது; சிம் நிறுவனத்தின் செயலியில் கேமரா சிம்மின் எண்ணையும் சேர்த்துக்கொண்டு அங்கே பாருங்கள்.

கேள்வி (பொள்ளாச்சி, தென்னந்தோப்பு): கிணற்று மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் வைத்திருக்கிறேன். அதன் சிம்முக்கும் டேட்டா பேக் போட வேண்டுமா?

பதில்: அழைப்பு அல்லது குறுஞ்செய்தி மூலம் ஓடும் ஸ்டார்ட்டராக இருந்தால் வேண்டியதில்லை. டேட்டா இல்லாமல் அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும் தரும் திட்டங்களையும் நிறுவனங்கள் வழங்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. அத்தகைய திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். செயலி மூலம் மட்டுமே ஓடும் ஸ்டார்ட்டர் என்றால் டேட்டா தேவை, ஆனால் மிகச் சிறிதளவே.

கேள்வி (திருப்பூர், பனியன் நிறுவன மெர்ச்சண்டைசர்): மின்சாரம் போகும்போது கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினியை இணைக்கிறேன். இரண்டு மின்னஞ்சல் அனுப்புவதற்குள் 1 ஜிபி போய்விடுகிறது.

பதில்: மடிக்கணினிக்கு அது ஹாட்ஸ்பாட் என்பது தெரியாது. அலுவலக வைஃபை கிடைத்ததாக எண்ணிக்கொண்டு விண்டோஸ் புதுப்பிப்பையும், ஒன்டிரைவ் என்ற இணையச் சேமிப்பகத்துக்கு ஏறாமல் தேங்கிக் கிடக்கும் கோப்புகளையும் ஒருசேரத் தொடங்கிவிடுகிறது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும், ஹாட்ஸ்பாட்டில் இணைந்திருக்கும்போது அந்த வைஃபையின் பண்புகளைத் திறந்து 'மீட்டர்டு கனெக்‌ஷன்' (அளவுக்கு உட்பட்ட இணைப்பு) என்பதை இயக்குங்கள். ஒரு முறை செய்தால் போதும். அந்த ஹாட்ஸ்பாட்டுக்கு மட்டும் அது நினைவில் இருக்கும். அதன்பின் பெரும்பாலான புதுப்பிப்புகள் காத்திருக்கும். வாடிக்கையாளருக்கு அனுப்பும் சாம்பிள் படங்களை மடிக்கணினியில் வாட்ஸ்அப் திறந்து அனுப்புவதைவிட, கைப்பேசியிலிருந்தே அனுப்பினால் அதே படம் மடிக்கணினியிலும் ஒரு முறை இறங்கும் வீண்செலவைத் தவிர்க்கலாம்.

கேள்வி (கோவையில் பணி, பெற்றோர் காங்கயம் அருகே): அம்மா மாலைக்குள் டேட்டாவைத் தீர்த்துவிடுகிறார். மாத நடுவில் கூடுதல் பேக் போட வேண்டியிருக்கிறது. அவருக்குச் சொல்லிக்கொடுப்பது கடினம். வரம்பு வைத்துவிடலாமா?

பதில்: ஆண்ட்ராய்டில் எச்சரிக்கை, வரம்பு என்று இரண்டு உண்டு. எச்சரிக்கை, சொன்ன அளவைத் தொட்டதும் அறிவிப்பு தரும். வரம்பு, மொபைல் டேட்டாவையே நிறுத்திவிடும். வரம்பு விழுந்தாலும் சாதாரண அழைப்பும் குறுஞ்செய்தியும் நிற்காது. ஆனால் நீங்கள் இரவில் செய்யும் வாட்ஸ்அப் வீடியோ அழைப்பு அவருக்குப் போகாது. கைப்பேசி கெட்டுவிட்டதென்று அவர் கவலைப்படுவார். இன்னொரு இடரும் இருக்கிறது: இந்த வரம்பு பெரும்பாலான கைப்பேசிகளில் மாதக் கணக்கில்தான் இருக்கும், நாள் கணக்கில் இராது. ரெட்மி, போக்கோ போன்ற சிலவற்றின் செக்யூரிட்டி செயலியில் மட்டும் நாள் வரம்பு வைக்கலாம்.

நானாக இருந்தால் வரம்பைத் தொடாமல், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது யூடியூப்பைத்தான் சரிசெய்வேன். அவருடைய செலவில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கும். பட்டியலைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். வீடியோ தரத்தில் மொபைல் நெட்வொர்க்குக்கு 'டேட்டா சேவர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும் ஆட்டோபிளேயை அணையுங்கள்; தொடர் பார்த்துக்கொண்டே கண்ணயர்ந்த பின்னும் ஓடிக்கொண்டிருப்பது இதனால்தான். பட்டியலில் ஓடும் முன்னோட்டத்தையும் வைஃபைக்கு மட்டும் என்று மாற்றுங்கள். சிறிய திரையில் தரக் குறைவு அவருக்குத் தெரியாது. வாட்ஸ்அப்பில் ஸ்டோரேஜ் அண்டு டேட்டா பகுதிக்குப் போய், மொபைல் டேட்டாவில் எதுவும் தானாக இறங்காதபடி செய்யுங்கள்; உறவினர் குழுக்களில் தினமும் வந்து விழும் காலை வணக்க வீடியோக்கள் அவர் தொட்டால் மட்டுமே இறங்கும்.

நாளின் அளவு தீர்ந்த பிறகும் பெரும்பாலான திட்டங்களில் 64 கேபிபிஎஸ் வேகம் நள்ளிரவு வரை இருக்கும். நொடிக்கு 8 கேபி என்பது வீடியோவுக்கு ஆகாது, ஆனால் எழுத்துச் செய்திக்குப் போதும்; பொறுமையிருந்தால் யுபிஐ பணம் அனுப்பவும் முடியும். எனவே அளவு தீர்ந்த ஒவ்வொரு நாளும் கூடுதல் பேக் போட்டாக வேண்டும் என்பதில்லை.

கேள்வி (ஈரோடு, மஞ்சள் வணிகம்): கைப்பேசி காட்டும் அளவும் நிறுவனம் காட்டும் அளவும் ஒத்துப்போவதில்லை. எதை நம்புவது?

பதில்: கழிப்பது நிறுவனம் என்பதால், அதன் கணக்குதான் செல்லும். இரண்டும் சிறிதளவு வேறுபடுவது இயல்பு. பெரிதாக வேறுபட்டால் நாள்களை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆண்ட்ராய்டு தன் சுழற்சியை மாதத்தின் ஒரு தேதியிலிருந்து மறு மாதம் அதே தேதி வரை எண்ணுகிறது. உங்கள் திட்டம் 28 நாளாகவோ 84 நாளாகவோ இருந்தால் அந்தச் சுழற்சி ஒரு போதும் பொருந்தாது. மாதந்தோறும் ஒரே தேதியில் புதுப்பிக்கக்கூடிய திட்டம் ஒன்றையாவது ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும் என்று டிராய் 2022இல் ஆணையிட்டது. கணக்கு வைத்துப் பழகிய உங்களுக்கு அதுவே வசதி. இரண்டு சிம் போட்டிருந்தால் ஒவ்வொன்றின் பட்டியலும் தனி என்பதையும், ஒன்றில் சிக்னல் குறைந்தால் மற்றதற்குத் தானாகத் தாவும் வசதி இயக்கத்தில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

கேள்வி (கோவை, பீளமேடு, கல்லூரி மாணவர்): எனக்கு வரம்பற்ற 5ஜி இருக்கிறது. ஆனாலும் நாளின் 2 ஜிபி தீர்ந்ததாகச் செய்தி வருகிறது.

பதில்: வரம்பற்றது 5ஜியில் செலவாகும் டேட்டா மட்டுமே. கட்டடத்துக்குள் சிக்னல் வலுவிழந்து கைப்பேசி 4ஜிக்கு இறங்கினால், அப்போது முதல் செலவாவது அந்த 2 ஜிபியிலிருந்து கழியும். விடுதி அறைக்குள் படம் பார்க்கும்போது திரையின் மேல்மூலையில் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஆண்ட்ராய்டின் பட்டியல் 4ஜியையும் 5ஜியையும் சேர்த்தே கூட்டுவதால், உங்களைப் போன்றவர்கள் அதில் வரம்பு வைப்பது வீண். இலவசமாகக் கிடைக்கும் 5ஜியையும் அது நிறுத்திவிடும்.

கேள்வி (கரூர்): டேட்டாவைச் சேமித்துத் தருவதாகச் சொல்லும் செயலிகளைப் போடலாமா?

பதில்: வேண்டாம். செயலிகள் பின்னணியில் டேட்டா எடுப்பதைத் தடுக்கும் டேட்டா சேவர் வசதி ஆண்ட்ராய்டிலேயே, 2016இல் வந்த 7ஆம் பதிப்பிலிருந்து உள்ளது. விபிஎன் என்ற இடைவழி மூலம் உங்கள் இணையப் போக்குவரத்து முழுவதையும் வாங்கிக்கொள்ளும் செயலி எதைச் சேமிக்கிறது என்பதைவிட, எதைப் பார்க்கிறது என்பதே கவலைக்குரியது.

கேள்வி (மேட்டுப்பாளையம், ஐபோன்): என் ஐபோனில் மொபைல் டேட்டா 400 ஜிபிக்கு மேல் காட்டுகிறது. மாதத்துக்கு இவ்வளவா?

பதில்: வாங்கிய நாளிலிருந்து சேர்ந்த கூட்டு அது. ஐபோன் இந்த எண்ணைத் தானாக அழிப்பதில்லை. அதே பக்கத்தின் அடியில் 'ரீசெட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' என்பதை ரீசார்ஜ் செய்யும் நாளில் தொட்டுவிட்டால், அங்கிருந்து புதிதாக எண்ணும். பக்கத்திலேயே இருக்கும் 'வைஃபை அசிஸ்ட்' முன்கூட்டியே இயக்கத்தில் வருகிறது. வீட்டு வைஃபை மந்தமானால் சொல்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவுவது அதன் வேலை. அணைத்துவிடுங்கள். பின்னணிச் செலவைக் குறைக்கும் 'லோ டேட்டா மோடு' 2019இல் வந்த ஐஓஎஸ் 13 முதல் உள்ளது. ஆண்ட்ராய்டைப் போல அளவு சொல்லி நிறுத்தும் வரம்பு ஐபோனில் இல்லை.

கேள்வி (கோவை, பாலக்காட்டில் பணி): தினமும் ரயிலில் வாளையாறு தாண்டியதும் நெட் நின்றுவிடுகிறது. டேட்டா தீரவில்லை.

பதில்: தமிழ்நாடும் கேரளமும் தொலைத்தொடர்பில் தனித்தனி வட்டங்கள், அதாவது தனித்தனி சேவைப் பகுதிகள். சில சிம்களில் எல்லை கடந்ததும் கைப்பேசி அதை ரோமிங் (சொந்த வட்டத்துக்கு வெளியே பயன்படுத்துவது) என்று கொள்கிறது. டேட்டா ரோமிங் அணைந்திருந்தால் இணையம் நிற்கும். அந்தப் பொத்தானை இயக்குங்கள். இன்றைய பெரும்பாலான ப்ரீபெய்டு திட்டங்களில் நாட்டுக்குள் ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் இல்லை. உங்கள் திட்ட விவரத்தில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாடு செல்வதானால் மட்டும், விமானம் ஏறும் முன் அதை மறவாமல் அணைத்துவிடுங்கள்.