ஹைலைன் யாருக்கு? – கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் நியூயார்க் பயணக் கட்டுரையில், மன்ஹாட்டனில் கைவிட்ட மேல்ரயில் பாதையைப் பூங்காவாக்கிய ஹைலைனைப் பற்றி எழுதிய பகுதியை வாசித்தேன். “ஒரு நகரமே தனக்காகப் போட்டுக்கொண்ட தோட்டம்” என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியில்தான் எனக்குத் தகராறு.

நான் குவீன்ஸில் ஓஸோன் பார்க் பக்கம் பதினோரு வருடமாக இருக்கிறேன். ஹைலைனுக்கு மூன்று முறை போயிருக்கிறேன். மூன்று முறையும் ஊரிலிருந்து வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு. எனக்காக ஒருநாளும் போனதில்லை. எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி அதேபோல் கைவிட்ட ரயில் பாதை ஒன்று இருக்கிறது. மேலே மரம் முளைத்துக் கிடக்கிறது, கீழே வண்டிப் பட்டறைகள். எல்ம்ஹர்ஸ்டில் வேலை. காலையில் உட்ஹேவன் பூலவார்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் அந்தப் பாதைதான் நினைவுக்கு வரும். இப்போது அதையும் பூங்கா ஆக்கலாம் என்கிறார்கள். மன்ஹாட்டன் பூங்காவுக்கும் எங்கள் வரிப்பணம் போயிருக்கிறது. எங்களைப் போன்ற வெளிப் பரோக்காரர்களுக்கு அதில் என்ன கிடைத்தது?

க., குவீன்ஸ்

அன்புள்ள க.,

அந்த வரியைத் திரும்ப வாசித்தேன். “ஒரு நகரமே” என்பது ஓசைக்காக விழுந்த சொல். எடுத்துவிடுகிறேன். அந்த இடத்தில் வேறு என்ன போடுவது என்று யோசிக்கப்போய்த்தான் இந்தப் பதில் நீண்டுவிட்டது.

மற்ற வாசகர்களுக்காக ஒரு குறிப்பு. நியூயார்க் ஐந்து பரோக்கள், அதாவது நிர்வாகப் பகுதிகள், சேர்ந்த நகரம். மன்ஹாட்டன் தவிர்த்த குவீன்ஸ், புரூக்ளின், பிராங்க்ஸ், ஸ்டேட்டன் ஐலண்ட் நான்கும் வெளிப் பரோக்கள். நகரத்தின் மக்களில் பெரும்பாலோர் அங்கேதான் இருக்கிறார்கள்.

ஹைலைன் 1934-இல் திறந்த சரக்கு ரயில் பாதை. அதற்கு முன் சரக்கு ரயில் தெருவிலேயே ஓடி ஆட்களை அடித்துப் போட்டுக்கொண்டிருந்தது. பத்தாவது அவென்யூவுக்கு ‘சாவு அவென்யூ’ என்றே பெயர். ரயிலுக்கு முன்னால் குதிரைமேல் ஒருவர் கொடி பிடித்துப் போவாராம். அதனால் பாதையை மேலே தூக்கினார்கள். 1980-இல் கடைசி ரயில், உறைந்த வான்கோழிகளோடு. பிறகு இருபது வருடம் புல்தான்.

கீழே நிலம் வைத்திருந்தவர்கள் இடிக்கச் சொன்னார்கள். அப்போதைய மேயர் ஜூலியானியின் நிர்வாகமும் சம்மதித்துவிட்டது. 1999-இல் ஜோஷுவா டேவிட், ராபர்ட் ஹாமண்ட் என்ற அந்தப் பகுதிக்காரர்கள் இருவர் அமைப்பு தொடங்கி அதைத் தடுத்த கதையைத்தான் எல்லோரும் சொல்கிறோம், நானும் சொன்னேன். நிலக்காரர்கள் எப்படி மனம் மாறினார்கள் என்பதை நான் எழுதவில்லை. 2005-இல் நகரம் அந்தப் பகுதியின் கட்டட விதிகளை மாற்றியது. பாதைக்கு அடியில் மனை வைத்திருப்பவர், தான் கட்ட முடியாத உயரத்தை அந்தப் பகுதியின் வேறு மனைக்காரருக்கு விற்றுக்கொள்ளலாம் என்றாயிற்று. இடிக்கக் கேட்டவர்களுக்குப் பூங்கா லாபமானது அந்த இடத்தில்தான். இன்று அங்கே நடந்தால் இருபுறமும் கண்ணாடி வீடுகள் முட்டிக்கொண்டு நிற்பது அந்த விதியால்.

உங்கள் வரிப்பணம் என்பதும் சரிதான். முதல் இரண்டு பகுதிகளுக்கு ஆன 15.2 கோடி டாலரில் ஏறக்குறைய 11.2 கோடி நகரத்தின் பணம். இதற்கு ஜூலியானிக்குப் பின் மேயரான ப்ளூம்பெர்க் காலத்தில் ஒரு பதில் தயாராக இருந்தது. நிலத்தின் விலை ஏறும், சொத்துவரி ஏறும், அது பொதுக் கஜானாவில் சேரும், குவீன்ஸ் பள்ளிக்கூடத்துக்கும் குப்பை வண்டிக்கும் அதிலிருந்துதானே போகிறது என்பார்கள். இதை நான் ஒரேயடியாகத் தள்ளமாட்டேன். வெளிப் பரோக்காரருக்கு ஹைலைனால் பயன் உண்டென்றால் பெரும்பகுதி இந்த வழியில்தான், அவர் அங்கே கால்வைக்காமலே. ஆனால் பூங்காவின் வடகோடியில் இருக்கும் ஹட்சன் யார்ட்ஸ் என்ற பெரிய கட்டட வளாகத்துக்கு அதே நகரம் பெரிய வரிச்சலுகைகளையும் கொடுத்தது. ஒரு கையால் கறந்து மறுகையால் கன்றுக்கு விடுவது போல. அதிலும் கொழுத்த கன்றுக்கு.

பராமரிப்பில் கதை வேறு. ஹைலைனின் அன்றாடச் செலவை ஏறத்தாழ முழுவதும் டேவிட்டும் ஹாமண்டும் தொடங்கிய அமைப்பே நன்கொடையில் பார்த்துக்கொள்கிறது. உங்கள் ஊர்ப் பூங்காவின் தோட்டக்காரர் சம்பளத்தில் அது கைவைக்கவில்லை. நல்லதுதான். ஆனால் 2 கோடி டாலர் தரக்கூடிய குடும்பம் பக்கத்துத் தெருவில் இருக்கும் பூங்காவுக்கே இது முடியும். பணக்காரப் பூங்கா அமைப்புகள் தம் ஆண்டு வரவுசெலவில் ஐந்தில் ஒரு பங்கை ஏழைப் பூங்காக்களுக்குத் தரவேண்டும் என்று டேனியல் ஸ்க்வாட்ரன் என்ற மாநில செனட்டர் 2013-இல் யோசனை சொன்னார். சட்டமாகவில்லை. நீங்கள் கேட்ட கேள்விக்கு என் கண்ணில் பட்டவரை நேரான பதில் அதுதான்.

இனி நடந்துபோகிற விஷயம். 17-ஆம் தெருவில் ஹைலைனில் ஒரு படிக்கட்டு அரங்கம் இருக்கிறது, கவனித்திருப்பீர்கள். மேடை இருக்கவேண்டிய இடத்தில் கண்ணாடி. கண்ணாடிக்குக் கீழே பத்தாவது அவென்யூவில் வண்டிகள் போகின்றன. அரை மணி நேரம் அங்கே உட்கார்ந்து டாக்சிகளை வேடிக்கை பார்த்தேன், பக்கத்தில் ஓர் இத்தாலியக் குடும்பமும். மறுநாள் உங்கள் குவீன்ஸின் ஜாக்சன் ஹைட்ஸில் ரூஸ்வெல்ட் அவென்யூவில் நண்பரோடு நடந்தேன். தலைக்குமேல் 7-ஆம் எண் ரயில். அது வரும்போதெல்லாம் அவர் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு, போனதும் அதே சொல்லிலிருந்து தொடர்வார். இருபது வருடப் பழக்கம் என்றார். முதல் நாள் எழுதியது கட்டுரையில் வந்தது, மறுநாள் பார்த்தது வரவில்லை. அந்தத் தவறு என்னுடையது.

ஹைலைனில் நாய் கூடாது, சைக்கிள் கூடாது, பந்து எறிய இடம் கிடையாது. அது நடந்து பார்க்கிற பூங்கா. கயானாக்காரர்கள் கிரிக்கெட் ஆடுகிற, பிறந்தநாளுக்கு அடுப்போடு வந்து இறங்குகிற குவீன்ஸ் பூங்காவின் வேலையை அது செய்யாது. ஆனால் ஊரிலிருந்து வந்தவர்களை மூன்று முறை கூட்டிப்போனேன் என்று நீங்கள் சலித்துக்கொள்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பத்துக் காசு டிக்கெட் இல்லாமல் அத்தையை உட்காரவைத்து ஹட்சன் ஆற்றைக் காட்டலாம் என்பதும் பயன்தானே.

தூரம் மட்டுமே காரணம் என்றும் எண்ணவேண்டாம். ஃபுல்டன், எலியட்-செல்சி என்ற அரசுக் குடியிருப்புகள் ஹைலைனிலிருந்து கூப்பிடு தூரம். அங்கிருப்பவர்களே அதிகம் வரவில்லை. அந்த மக்களிடம் போய் உங்களுக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேட்காமல் விட்டோம், தோற்றோம் என்று 2017-இல் ஹாமண்டே வெளிப்படையாகச் சொன்னார்.

உங்கள் நாலு தெரு தள்ளிய பாதைக்கு வருகிறேன். ராக்கவே கடற்கரைக்குப் போன பழைய ரயில் அது. 1950-இல் ஜமைக்கா வளைகுடாப் பாலம் எரிந்தது. தென்பகுதியை நகரம் வாங்கி 1956-இல் சப்வே ஓட்டியது, அதுதான் உங்கள் ஏ ரயில். வடபகுதி 1962-இல் நின்றது. ரீகோ பார்க் முதல் ஓஸோன் பார்க் வரை மூன்றரை மைல், அறுபது வருடத்துக்கும் மேலாகச் சும்மா கிடக்கிறது. பூங்கா கேட்பவர்கள் அதை குவீன்ஸ்வே என்கிறார்கள். ரயிலும் ஓரமாகப் பூங்காவும் கேட்பவர்கள் குவீன்ஸ்லிங்க் என்கிறார்கள். 2022-இல் மேயர் ஆடம்ஸ் பூங்காவின் முதல் கட்டத்துக்கு 3.5 கோடி டாலர் அறிவித்தார். 2019-இல் வந்த ஆய்வு, அந்தப் பாதையில் சப்வே ஓட்ட 800 கோடி டாலருக்கு மேல் ஆகும் என்றது, நாளுக்கு 47,000 பேர் ஏறுவார்கள் என்றும் சொன்னது. செலவுக் கணக்கை ஊதிவிட்டார்கள் என்பது ரயில் கட்சியின் வாதம்.

நானும் ரயில் கட்சிதான். பக்கத்திலேயே ஃபாரஸ்ட் பார்க் என்ற பெரிய காடு இருக்கிறது. இல்லாதது வடக்கே போக ரயில். பூச்செடி வைத்து மக்கள் பழகியபின் அதைப் பிடுங்கித் தண்டவாளம் போட எந்த மேயரும் துணியமாட்டார். மரம் நிற்கட்டும், தூசி குறையும், வீட்டுக்குப் பின்னால் ரயில் சத்தம் வேண்டாம் என்று உங்கள் தெருவிலேயே சொல்பவர்கள் இருப்பார்கள். ரூஸ்வெல்ட் அவென்யூவில் நடந்தபிறகு அவர்களையும் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒன்று கேட்கவேண்டும். எல்ம்ஹர்ஸ்டுக்கு பஸ்ஸில் போகிறேன் என்று எழுதினீர்கள், எவ்வளவு நேரம் என்று எழுதவில்லை. காலையில் எத்தனை நிமிடம் பிடிக்கிறது?